மூன்று ஊக்கு

பத்து இருபதுக்கு ஊசி இறங்கியது. பத்து ஐம்பது வரைக்கும் இந்த சிமெண்டு பெஞ்சை விட்டு அசையக் கூடாது என்று செலின் சிஸ்டர் சொல்லிவிட்டுப் போய்விட்டாள், தடிப்பு வந்தால், மூச்சு முட்டினால், தலை சுற்றினால் ஒரு குரல் கொடுக்கணும், மற்றபடி சும்மா உட்காரணும், அவ்வளவுதான். அரை மணி நேரம் சும்மா உட்காருவது என்ன மலையைப் புரட்டுகிற வேலையா என்று யாரும் கேட்கலாம், கோமதிநாயகத்தைக் கேட்டால் தெரியும். பெஞ்சின் குளிர்ச்சி பேண்டைத் தாண்டி ஏறியது. பினாயில் வாடை. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் மலை இருந்தது, மஞ்சு மூட்டம் இன்னும் விலகவில்லை, தென்காசியில் தை மாசத்தில் பத்து மணிக்கும் அப்படித்தான். நடுவில் குழலி, பதினொரு வயசு, ஊசி போட்ட பக்கத்துக்குப் பாரம் கொடுக்காமல் ஒரு சாய்வாக உட்கார்ந்திருந்தாள், அந்தப் பக்கத்தில் அவள் அம்மா உலகம்மை, இந்தப் பக்கத்தில் இவன். "அப்பா, எத்தன நிமிசம் ஆச்சு?" "மூணு." "மூணுதானா!" ஆமாம் மகளே, மூணுதான், எனக்கும் அப்படித்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டான். அந்த மருந்து கெட்டியானது, வெள்ளைக் குழம்பு மாதிரி, மெதுவாகத்தான் ஏற்றணும், ஏறும்போது பிள்ளை பல்லைக் கடித்துக்கொண்டு உலகம்மையின் முந்தானையைச் சுருட்டிப் பிடித்திருந்தாள், சத்தமே போடவில்லை, அவள் சத்தம் போட்டிருந்தால் இவனுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். ரெண்டு வருஷத்துக்கு முன்னால் தொண்டை வலி என்றுதான் ஆரம்பித்தது. அப்புறம் காய்ச்சல், அப்புறம் முட்டி வீங்கியது, முட்டி வடிந்ததும் முழங்கை வீங்கியது, கடைசியில் ஒரு டாக்டரம்மா நெஞ்சில் குழாயை வைத்துவிட்டு ரொம்ப நேரம் எடுக்கவே இல்லை. ஒரு வால்வில் லேசாகக் கசிவு, இப்போதைக்குப் பயமில்லை, ஆனால் அந்தக் காய்ச்சல் இன்னொரு தரம் வந்தால் வால்வு தாங்காது, வராமல் இருக்க இருபத்தொரு நாளைக்கு ஒரு ஊசி, இருபத்தொரு வயசு வரைக்கும். இந்த ஊசி முப்பத்தைந்தாவது நாளில் போடுகிறார்கள். ரெண்டு வாரம் பிந்திவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலையில் குழலி, "அம்மா, முட்டி வலிக்கி" என்றாள். அந்த வலியால்தான் இந்தச் செவ்வாய்க்கிழமையே ஓடி வந்தது, இன்றைக்கு எட்டு மணிக்கு ரத்தம் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள், ரத்தத்தில் அந்தக் காய்ச்சலின் அடையாளம் இருக்கிறதா இல்லையா என்று பத்து ஐம்பதுக்கு டாக்டர் கூப்பிட்டுச் சொல்லுவார். அதுவரைக்கும் இந்த பெஞ்சு.

யார் பிந்த வைத்தது? அதைத்தான் அவன் நேற்று மத்தியானத்திலிருந்து யாரிடமும் சொல்லவில்லை. வெளியே சொன்னால் சிரிப்பார்கள், அவன் பிழைப்பே நாள் கணக்குதான். குற்றாலம் ரோட்டில் இருக்கிற கம்பெனியில் ஆபீஸ்களுக்கான காலண்டர் புரோகிராம் எழுதுகிறார்கள், அதில் திரும்பத் திரும்ப வருகிற நாட்களெல்லாம் கோமதிநாயகத்தின் பொறுப்பு. மாசத்தில் ரெண்டாவது திங்கள், கடைசி வெள்ளி, ஒரு வாரம் விட்டு ஒரு புதன், உலகத்தில் எத்தனை பேர் எத்தனை விதமாக 'அடுத்த தடவை' என்று சொல்கிறார்கள் என்று நினைக்கும்போது அவனுக்கு உள்ளுக்குள் ஒரு இனிப்பு ஊறும். அதிலும் அந்த முப்பத்தொண்ணாம் தேதி விவகாரம் இருக்கிறதே! மாசாமாசம் முப்பத்தொண்ணு என்று ஒருவன் போட்டு வைக்கிறான், பிப்ரவரியில் முப்பத்தொண்ணு கிடையாது, இருபத்தெட்டுக்கு இறங்குகிறது, சரி, மார்ச்சில் என்ன ஆகும்? போன தடவையிலிருந்து ஒரு மாசம் என்று எண்ணினால் மார்ச் இருபத்தெட்டு, ஏப்ரல் இருபத்தெட்டு, ஆயுசுக்கும் இருபத்தெட்டு, ஒருதரம் குனிந்தது நிமிரவே நிமிராது. போன தடவையைப் பார்க்காதே, எப்போதும் முதல் நாளிலிருந்து எண்ணு என்று மாற்றியது இவன்தான், அன்றைக்கு மேனேஜர் எல்லோரையும் கூப்பிட்டு வைத்துக் கைதட்டச் சொன்னார், வீட்டுக்கு வந்து உலகம்மையிடம் அதை விளக்கினான், அவள் முழுசாகக் கேட்டுவிட்டு, "இதுல என்னங்க இருக்கு, மொத நாள மறந்தா எல்லாம்தான் மறந்து போகும்" என்று சொல்லி மாவு அரைக்கப் போனாள். அப்போதே காதில் வாங்கியிருக்கணும். அந்தப் புரோகிராமில் ஒரு வரி உண்டு, விடுமுறை நாளில் விழுந்தால் அந்தத் தடவையை விட்டுவிடு. ஒரே வரி. எழுத ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. மீட்டிங்குக்கு அது ரொம்பச் சரி, பொங்கலன்றைக்கு மீட்டிங் இல்லாமல் போனால் யார் அழப்போகிறார்கள், அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம். நானூற்றுப் பன்னிரண்டு சோதனை போட்டுப் பார்த்தான், சரியாக இருந்தால் பச்சை காட்டும், அத்தனையும் பச்சை. அத்தனையும் மீட்டிங். அந்த நானூற்றுப் பன்னிரண்டில் ஒன்றுகூடக் காய்ச்சல்காரப் பிள்ளை இல்லை. விடுமுறையில் விழுந்தால் விட்டுவிடு. விட்டுவிடு. எவனடா விடச் சொன்னது, நீதான். "அப்பா, இப்ப?" "ஏழு." அவள் கழுத்தோரம் ஒரு நரம்பு துடித்தது, எல்லோருக்கும்தான் துடிக்கும், இவன் அதையே பார்த்தான், பார்க்கப் பார்க்க அது வேகமாக அடிப்பது போலவும் இருந்தது, விட்டுவிட்டு அடிப்பது போலவும் இருந்தது. மூச்சைக் கவனித்தான். மூச்சு சரி. தடிப்பு இருக்கிறதா என்று கையைத் திருப்பிப் பார்த்தான், முன்கையில் சோதனை மருந்து வைத்த இடத்தில் பேனாவால் போட்ட வட்டம் மட்டும்தான் இருந்தது.

உலகம்மை போன் வைத்திருக்கிறாள், காலண்டரும் வீட்டில் தொங்குகிறது, அவள் ரெண்டையும் நம்பி ஊசிக் கணக்கு வைத்ததில்லை. முதல் ஊசி போட்டது ஒரு செவ்வாய்க்கிழமை. வீட்டுக்கு வந்து சேலையில் குத்தியிருந்த ஊக்கில் மூன்றைக் கழற்றித் தாலிச் செயினில் கோத்துக்கொண்டாள். செவ்வாயும் வெள்ளியும் அவள் தலைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற நாள். அடுத்த செவ்வாய் குளித்துவிட்டு வந்து ஒரு ஊக்கைக் கழற்றினாள், அதற்கடுத்த செவ்வாய் இன்னொன்று, மூன்றாம் செவ்வாய் கடைசி ஊக்கைக் கழற்றி வைத்துவிட்டு, "குழலி, கெளம்பு" என்றாள். போட்டுவிட்டு வந்ததும் மறுபடி மூன்று. இவ்வளவுதான் அவள் எந்திரம். சார்ஜ் வேண்டாம், டவர் வேண்டாம், கரண்டு போனாலும் ஓடும். எந்த ஊருக்குப் போனாலும் கழுத்தோடு போகும். குனிந்து வாசல் பெருக்கினால் கண்ணுக்கு முன்னால் ஆடும், மறக்க நினைத்தாலும் மறக்க முடியாது. ஒரு தரம் காய்ச்சலில் எழுந்திருக்க முடியாமல் கிடந்தாள், குளிக்கவில்லை, ஆனால் கிழமை மட்டும் தப்பவில்லை, படுத்தபடியே குழலியைக் கூப்பிட்டு, "ஏட்டி, ஒண்ணக் கழத்து" என்றாள். ஒரு சுதந்திர தினம் செவ்வாயில் விழுந்தது, அன்றைக்கு ஆஸ்பத்திரி லீவு என்று தெரிந்ததும் கடைசி ஊக்கு கழுத்தில் இருக்கும்போதே திங்கட்கிழமை போய் வரிசையில் நின்றுவிட்டாள். முந்தலாமா என்று செலின் சிஸ்டரைக் கேட்டாளாம், முந்தலாம், பிந்தத்தான் கூடாது என்றாளாம் சிஸ்டர், அந்த ஒரு வார்த்தையை அவள் மனசுக்குள் எங்கே எழுதி வைத்தாளோ, அது அழியவே இல்லை. அதைப் புரோகிராமில் எழுத இவனுக்கு எத்தனை வரி ஆகும்? மூணு வரி. எழுதத் தோன்றவில்லையே! கல்யாணத்துக்கு முன்னால் அவள் பீடி சுற்றினவள், இருபத்தைந்து பீடி ஒரு கட்டு, பக்கத்து வீட்டுக் கதை பேசிக்கொண்டே சுற்றுவாள், எண்ணவே மாட்டாள், இருபத்தைந்தாவது பீடியில் கை தானாக நூலை எடுக்கும். பெண் பார்க்கப் போனபோது அந்த விரல்களைத்தான் இவன் முதலில் பார்த்தான், இன்றைக்கு யாராவது கேட்டால் சொல்வான், மூஞ்சியைக்கூட அப்புறம்தான் பார்த்தேன் என்று. அப்பேர்ப்பட்டவளைப் போய்க் கேலி பண்ணினான். "என்ன உலகு, கழுத்துலயே இரும்புக் கடை வச்சிட்டியா?" அவள் சிரித்துக்கொண்டே, "இது தீந்தா ஊசிங்க" என்றாள். ஐப்பசியில் ஒரு நாள் தன்னுடைய புரோகிராமை ரெண்டு பேர் போனிலும் ஏற்றி, வருகிற ஊசிச் செவ்வாயை முதல் நாளாகப் போட்டு, இருபத்தொரு நாளைக்கு ஒரு தரம் என்று தட்டி, "இனிமே நீ எண்ண வேண்டாம், இது எண்ணும்" என்றான். அவள் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு ஊக்கையெல்லாம் கழற்றினாள். நாலு தடவை அது மணியடித்துச் சரியாகச் சொன்னது. அதுதான் வினை, முதல் தடவையே சொதப்பியிருந்தால் அவள் தூக்கிப் போட்டிருப்பாள்.

அஞ்சாவது தடவை பொங்கலில் விழுந்தது. பொங்கலுக்கு ரெண்டு நாள் முன்னால் அவள் வெள்ளையடித்துக்கொண்டிருந்தாள், முழங்கை வரை சுண்ணாம்பு, ஏணியில் நின்றபடியே, "ஏங்க, ஊசி பொங்கலன்னைக்கு விழுதோ? திங்கக்கிழமையே போயிருவமா?" என்று கேட்டாள். ஊக்கு இல்லாமலேயே கேட்டாள்! அந்த எண்ணிக்கை அவளுக்குள் தானாக ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. இவன் என்ன செய்தான்? போனைத் தடவிப் பார்த்தான். பொங்கல் செவ்வாயில் ஒன்றுமில்லை, அடுத்தது பிப்ரவரி நாலு என்று காட்டியது. கொஞ்சமாவது யோசித்தானா, ஆறு வாரம் ஆகிறதே என்று விரலை மடக்கிப் பார்த்தானா, கிடையாது. "பிப்ரவரி நாலுன்னு காட்டுது உலகு. ஒனக்கு எண்ணிக்கை தப்பிருச்சி" என்றான். சிரித்துக்கொண்டே வேறு சொன்னான். அவள் ஏணியில் அப்படியே நின்றாள், பிரஷ்ஷிலிருந்து சுண்ணாம்பு சொட்டியது, "அப்படியா? எங்கயோ விட்டுட்டேன் போல" என்று சொல்லிவிட்டு மறுபடி அடிக்க ஆரம்பித்தாள். அந்த 'அப்படியா' நேற்று மத்தியானத்திலிருந்து இவன் காதை விட்டுப் போகவில்லை. நேற்று ஆபீஸில் குழலியின் முட்டியை நினைத்துக்கொண்டு புரோகிராமின் அந்தப் பக்கத்தைத் திறந்தான், அந்த ஒரு வரி கண்ணில் பட்டது, சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே மூடி வைத்தான். சொல்லிவிடணும். இப்போதே சொல்லிவிடணும், இந்த பெஞ்சிலேயே, பத்து முப்பத்தஞ்சு ஆகப் போகிறது. ஆனால் பிள்ளை நடுவில் இருக்கிறாள். ரத்தம் நல்லபடியாக வந்தால் அப்புறம் சொல்லிக்கொள்ளலாம். நல்லபடியாக வந்தால் சொல்வானேன் என்று உள்ளுக்குள் ஒரு குரல் உடனே கேட்டது, சீ, நீயெல்லாம் ஒரு மனுசனா என்று அதைத் திட்டினான், அது போவதாக இல்லை. ரத்தம் நல்லபடியாக வராவிட்டால்? அதை நினைக்கக் கூடாது. கணக்குப் போட்டான், பயம் வந்தால் அவனுக்குக் கணக்குதான் வரும், ஒன்பது வயசிலிருந்து இருபத்தொன்று வரைக்கும் பன்னிரண்டு வருஷம், மொத்தம் இருநூற்று எட்டு ஊசி. ஆரம்பத்திலேயே போட்டுப் பார்த்துவிட்டு, "உலகு, இருநூத்தி எட்டு" என்று சொன்னபோது அவள் வாயைப் பொத்தினாள், "அதையெல்லாம் எண்ணாதீங்க. அடுத்த ஒண்ண மட்டும் எண்ணுங்க, போதும்" என்றாள். இவன் புரோகிராம் பன்னிரண்டு வருஷத்துத் தேதியையும் ஒரே மூச்சில் அடுக்கிவிடும், அவளிடம் எப்போதும் அடுத்த ஒன்றுதான் இருக்கும், அந்த ஒன்றை அவள் தப்ப விடவே மாட்டாள். திரும்பி அவள் கழுத்தைப் பார்த்தான். செயின் மட்டும் கிடந்தது. "என்ன பாக்கீங்க?" "ஒண்ணுமில்ல." "மூஞ்சி ஏன் இப்படி இருக்கு? ஒண்ணும் வராது, இருங்க" என்றாள், இவனுக்கு அவள் தைரியம் சொல்கிறாள், இவனுக்கு! "அப்பா, எத்தன?" என்றாள் குழலி. இருபத்தெட்டு என்று சொல்லி முடிப்பதற்குள் செலின் சிஸ்டர் வாசலில் நின்று, "குழல்வாய்மொழி!" என்று முழுப் பேரையும் கூப்பிட்டாள்.

டாக்டர் நடுவயசு, கண்ணாடி போட்டவர், ரெண்டு வருஷமாக இவர்களைப் பார்க்கிறவர். கையில் ரிப்போர்ட் இருந்தது, அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு முதலில் ஊசித் தேதி எழுதுகிற அட்டையைத்தான் பார்த்தார். "என்னம்மா, கடிகாரம் கணக்கா வருவீங்களே, இந்தத் தடவ ரெண்டு வாரம் எங்க போனீங்க?" இவன் வாயைத் திறப்பதற்குள் உலகம்மை, "என் தப்புதான் டாக்டர். பொங்கல் வேலையில எண்ணிக்கை தப்பிருச்சி" என்றாள். டாக்டர் குழலியை அருகில் இழுத்து நெஞ்சில் குழாயை வைத்தார். ஊசி பிந்தியது தெரிந்த பிறகும், ஏணியில் இவன் சொன்னதை நம்பித் தன் எண்ணிக்கையைத்தான் அவள் சந்தேகப்படுகிறாள், பொய்யில்லை, அவளைப் பொறுத்தவரை அது உண்மை, அந்த உண்மையை அவளுக்குக் கொடுத்தது யார்? "தப்பல" என்றான். குரல் தேவைக்கு மேல் சத்தமாக வந்தது. "அவ எண்ணுனது சரி டாக்டர். நான் எழுதுன புரோகிராம்தான் பொங்கல் லீவுன்னு அந்த ஊசிய விட்டுட்டுது. அவ கேட்டா. நான்தான் ஒன் கணக்கு தப்புன்னு சொன்னேன்." டாக்டர் காதிலிருந்து குழாயைக் கழற்றினார். "என்ன சொன்னீங்க? கேக்கல." அட கடவுளே! ஒரு தரம் சொல்லவே உயிர் போய்விட்டது, இன்னொரு தரமா? சொன்னான். அதே வார்த்தைகளை மறுபடியும், இந்தத் தடவை மெதுவாக, உலகம்மையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். அவள் இவனைப் பார்க்கவில்லை, மேஜை ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டர் ரிப்போர்ட்டைத் திருப்பினார். "ரத்தம் நார்மல். நெஞ்சுச் சத்தமும் பழையபடிதான் இருக்கு, கூடல. முட்டியக் காட்டு பாப்பா." அமுக்கிப் பார்த்தார், பாவாடையைக் கொஞ்சம் ஒதுக்கினார், பக்கவாட்டில் பச்சையாக ஒரு கன்றிப்போன இடம். "விழுந்தியா?" குழலி அம்மாவைப் பார்த்தாள். "கோ-கோ" என்றாள் மெல்ல. ஆடக் கூடாது என்று சொல்லி வைத்திருந்த ஆட்டம். "ஒரு வீட்டுல ஒரே நாள்ல ரெண்டு பேரு தப்ப ஒத்துக்கிட்டீங்க" என்றார் டாக்டர், சிரிக்கவில்லை. "இந்தத் தடவ தப்பிச்சாச்சு. எல்லாத் தடவையும் இப்படி இருக்காது. அடுத்த ஊசி என்னைக்கு?" இவன் கை பழக்கத்தில் சட்டைப் பைக்குப் போனது, போனைத் தொடுவதற்குள் உலகம்மை சொல்லிவிட்டாள், "பிப்ரவரி பதினெட்டு, செவ்வா." டாக்டர் அதை அப்படியே அட்டையில் எழுதினார், சரிபார்க்கக்கூட இல்லை.

வெளியே வந்து வேப்பமரத்தடி வரைக்கும் அவள் ஊசி அட்டையைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்று பட்டது. குழலி நொண்டிக்கொண்டே முன்னால் போனாள். உலகம்மை நின்றாள். "பொங்கலன்னைக்குப் பூரா எண்ணிப் பாத்தேன்" என்றாள். "பால் பொங்கும்போதுகூட எண்ணிக்கிட்டுத்தான் நின்னேன். எங்க விட்டேன்னு தெரியவே இல்ல. எனக்குப் புத்தி கெட்டுப் போச்சோன்னு பயந்துட்டேங்க." கண் நிறைந்துவிட்டது. கைதட்டச் சொன்ன மேனேஜரையும் நானூற்றுப் பன்னிரண்டு பச்சையையும் கொண்டுபோய் இவள் காலடியில் போட்டால்கூடத் தீராது. "நீ எங்கயும் விடல உலகு. ஒன்ன மாதிரி எண்ண எனக்குத் தெரியல" என்றான், அதைச் சொன்னதும் நெஞ்சில் இருந்த பாறை கொஞ்சம் நகர்ந்தது, நிஜத்தில் அவனுக்கு அவள் மேல் பெருமையாக இருந்தது, இத்தனை நாள் இதைச் சொல்லாமல் போனேனே என்று வெட்கமாகவும் இருந்தது. "நில்லு, வாரேன்" என்று ரோட்டைத் தாண்டி ஓடினான்.

எதிர்த்த ஃபேன்சி ஸ்டோரில் ஒரு அட்டை ஊக்கு வாங்கிக்கொண்டு வந்தான். உலகம்மை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மூன்றைப் பிரித்துத் தாலிச் செயினில் கோத்துக்கொண்டாள். இவன் இன்னும் மூன்றைப் பிரித்தான், கழுத்தில் தொங்கிய ஆபீஸ் அடையாள அட்டையின் நாடாவில் ஒவ்வொன்றாகக் குத்தினான். குழலி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"அப்பா, இப்படியேவா ஆபீஸுக்குப் போவீங்க?"

"இப்படியேதான். நானும் குளிச்சிட்டு ஒவ்வொண்ணா எடுப்பேன்."

"நீங்க எண்ணெ தேச்சிக் குளிக்கது சனிக்கெழமல்லா?" என்றாள் உலகம்மை.

அவன் விரலை மடக்கினான். பிப்ரவரி ஒண்ணு, எட்டு, பதினஞ்சு. "ஆமா, சனிக்கெழம எடுத்தா எனக்கு மூணு நாள் முன்னாலயே தீந்துருமே."

"தீரட்டும்" என்றாள் அவள். "முந்தலாம். பிந்தத்தான் கூடாது."